ஆற்றோரம் ஒரு நீலப் பாவாடை

பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு வசந்தகாலம் முழுவதும் நான் குடியிருந்திருக்கிறேன். ஆற்றங்கரையில், சிவப்புக் கூரை போட்ட வீட்டில். காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நெட்டை நெட்டையாகப் பொப்லர் மரங்கள். அவற்றின் நிழல் தண்ணீரில் கிடந்து நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு வாடகையும் இல்லை, கதவைப் பூட்டத் திறப்பும் இல்லை. லண்டனில் வேலை செய்கிற ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட வயதிலேயே அப்பா அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்துவிட்டவள் நான். மனோர் பார்க்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது. நகரின் நடுவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் நிலவறையில் எனக்கு வேலை. குழாய் வெடித்தவர்களும் கூரை ஒழுகியவர்களும் நாள் முழுக்க நட்டஈடு கேட்டுத் தொலைபேசியில் என்னைத் திட்டுவார்கள். நானும் மரியாதையான ஆங்கிலத்தில் திருப்பித் திட்டுவேன். அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

வீட்டில் அந்தப் பெயர் இல்லை. வந்த சம்பந்தங்களில் சில சாதகத்தில் முறிந்தன, சில என் வாயில் முறிந்தன. அம்மா இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி, எல்லாம் செவ்வாய் செய்கிற வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் பாரிசிலிருந்து மாமி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாமி என்றால் அப்பாவின் தங்கை. பெடியன் தங்கமான பெடியன், ஹோட்டல் துறையில் இருக்கிறான், பொருத்தம் எல்லாம் திறம் என்று தொலைபேசி அட்டை முடியும்வரை பேசினார். எனக்கு லண்டனை விட்டுப் போக மனமில்லை என்று அம்மா இழுத்ததும் மாமி என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"பெடியன் பாரிசுக்குள்ள இல்லை பிள்ளை, கொஞ்சம் வெளியால. ஜன்னலைத் திறந்தா முழுக்கப் பச்சை."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றால் எங்கள் வீட்டில் வேண்டாம் என்று பொருள். அது மாமிக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பச்சை காதில் ஒட்டிக்கொண்டது. நிலவறையில் வேலை செய்கிறவளிடம் ஜன்னலைப் பற்றிப் பேசினால் பிறகு எப்படி?

அந்த வாரம் ஒரு நாள் மதியம் கொட்டு கொட்டென்று மழை. புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்துவிட்டது. ஒதுங்க இடம் தேடி, சிங்கச் சிலைகள் படுத்திருக்கும் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தேன். அங்கே நுழைவுச்சீட்டு வேண்டாம், உள்ளே கதகதப்பாக இருக்கும், உட்கார நீள மர வாங்கும் உண்டு. கலையில் எனக்கிருந்த அக்கறை அவ்வளவுதான். சப்பாத்தைக் கழற்றிக் காலை ஆற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே ஒரு ஆறு இருந்தது.

எங்கள் சாப்பாட்டு மேசையின் அளவுதான் இருக்கும் அந்த ஓவியம். ஆறு ஒரு வளைவு வளைந்து போகிறது. கரையோரம் பொப்லர் மரங்கள். மரங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை, பாதை முடிகிற இடத்தில் சிவப்புக் கூரை. பாதையில் ஒரு பெண். அவளுக்கு முகம் கிடையாது. நீலத்தில் இரண்டு இழுப்பு, மேலே வெள்ளையில் ஒரு பொட்டு, அவ்வளவுதான் அவள். எல்லாவற்றின் மேலும் வெயில் விழுந்திருந்தது. எங்கள் ஊர் வெயில் மாதிரிச் சுடுகிறதும் இல்லை, லண்டன் வெயில் மாதிரிச் சாட்டுக்கு வந்து போகிறதும் இல்லை. நிதானமாக, வேறு வேலை எதுவும் இல்லாத வெயில்.

எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆறும் இல்லை, மரமும் இல்லை. குழந்தை சாப்பிட்டு எழுந்த சோற்றுக்கோப்பை மாதிரி நிறங்கள் கண்டபடி அப்பிக் கிடந்தன. பின்வாங்கி வாங்கில் உட்கார்ந்ததும் தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது. பக்கத்துச் சிறிய அட்டையில் ஓவியரின் பெயரும், பிரான்சில் ஏதோ ஒரு ஊரின் பெயரும் இருந்தன. இரண்டையும் என்னால் வாசிக்க முடியவில்லை. பிரான்ஸ் என்பதை மட்டும் வாசித்தேன். மாமியின் குரல் காதில் கேட்டது. இதைத்தான் சொன்னாரா என்று எண்ணியபடி, மழை விட்டதையும் கவனிக்காமல் நெடுநேரம் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே குடியேறினேன். வேறு சொல் தெரியவில்லை. முதலில் சமையலறை ஆற்றைப் பார்த்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பிறகு இரண்டு மரங்களுக்கு நடுவே கொடி கட்டிச் சேலைகளைக் காயப்போட்டேன். மூன்றாவது மரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார். கறிவேப்பிலைக்கு என்ன செய்வது என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன். அப்பா வந்து தங்கினால் ஆற்று மீனைத் தொடமாட்டாரே, அது சேறு மணக்கும் என்பாரே, கடல் மீனுக்கு எங்கே போவேன் என்று இன்னொரு நாள். தொலைபேசியில் ஒருவர் தன் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கும்போது நான் மண் பாதையில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருப்பேன். "நீங்கள் சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது" என்று அவரிடம் சொல்லுவேன். என் குரலில் இருந்த கனிவைக் கேட்டு மேலாளரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அவள் வருகிறாளா, போகிறாளா? முகமே இல்லாதவளிடம் எதைப் பார்த்துச் சொல்வது? சில நாட்களில் நம் பக்கம் வருகிறாள் போலிருக்கும். பெரும்பாலும் போகிறாள் என்றே தோன்றும், அந்தச் சிவப்புக் கூரை வீட்டுக்கு. அவள் நான்தான் என்று வைத்துக்கொண்டால் போகத்தானே வேண்டும்.

மாப்பிள்ளையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. மாமி அனுப்பிய புகைப்படத்தில் அவர் ஒரு சுவரின் முன்னால் விறைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சுவரோடு அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவர முடியாது. கடைசியில் வீட்டுக்குப் பின்னால் விறகு கொத்த அனுப்பிவிட்டேன். அங்கே நின்றால் ஓவியத்தில் தெரியாது.

வசந்தம் முடிய முன்னமே, சரி, வந்து பார்க்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சொன்னது மாப்பிள்ளைக்காக இல்லை, ஆற்றுக்காக என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

லண்டனில் பெண் பார்க்கிறதென்றால் கோயிலில் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். அந்தத் தற்செயலுக்கு இரண்டு குடும்பமும் ஒரு மாதம் முன்னேயே நேரம் குறித்து வைக்கும். எங்களுக்கு ஆர்ச்வேயில் முருகன் கோயில், வெள்ளிக்கிழமைப் பூசை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முருகன் இருக்க, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் முருகனைத் தேடிப் போனதற்குக் காரணம், தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்பது. அங்கே போய்ப் பார்த்தால் மனோர் பார்க்கில் பாதிப் பேர் நின்றார்கள். மாப்பிள்ளை தன் அண்ணைக்காரனோடு வந்திருந்தார். மெலிந்த ஆள். அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது கையில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகள் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் பார்க்காததுபோல் முருகனைப் பார்த்தார். நானும் முருகனைப் பார்த்தேன். அன்று முருகனுக்குக் கிடைத்த பக்தி கொஞ்சநஞ்சமில்லை.

பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கிற இடத்தில் எங்களைக் கொஞ்சம் தனியே கதைக்க விட்டார்கள். சுற்றிலும் பெரியவர்கள் சுண்டலைக் கொறித்துக்கொண்டு காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார்கள். நாளைக்கு ஓரிடத்துக்கு வர முடியுமா, அங்கே ஒன்று கேட்க வேண்டும் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓம், வாறன் என்றார்.

அம்மா காவலுக்கு வராமல் இருப்பாரா? மறுநாள் மூன்று பேருமாக ஓவியக்கூடத்துக்குப் போனோம். ஆற்றைக் கண்டதும் நான் அம்மாவை அடுத்த அறையில் இருக்கச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். அந்த அறை முழுக்க உடுப்பில்லாத ஆட்களாம். வாசல் நிலையோடு ஒட்டி நின்று, அந்த அறைக்கு முதுகையும் எங்களுக்குக் கண்ணையும் கொடுத்தார். குரல் எட்டாத தூரம்தான்.

நாங்கள் வாங்கில் உட்கார்ந்தோம். நடுவில் என் கைப்பை. அவர் ஓம் என்று சொன்னால் நான் ஓம் என்று சொல்வதாக இருந்தேன். வேலையை, வீட்டை, லண்டனை எல்லாம் விட்டுவிட்டுப் போக அந்த ஒரு சொல் போதும்.

"உங்கட இடம் இப்பிடித்தானோ இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். மாமி ஏற்கெனவே தொள்ளாயிரத்துக்கு மேல் சொல்லி முடித்திருந்தார். மிச்சத்தில் ஒன்றை இவர் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது" என்றார். "பத்து வருசமா அங்க இருக்கிறன். இப்பிடி ஒரு இடத்தை நான் காணேல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னார். இருப்பது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு அறை. அறையிலிருந்து மெட்ரோ, மெட்ரோவிலிருந்து உணவகம். சமையலறை நிலத்துக்குக் கீழே. லீவு நாளில் நித்திரை. பிரான்சில் ஆறு ஓடுகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார், பாலத்தின் மேலால் ரயில் போகும்போது ஒரு கணம் தெரியும். பச்சை என்ன பச்சை என்று கேட்டேன். எதிரே ஒரு மருந்துக்கடை, அதன் சிலுவை விளக்கு பச்சையில் எரிந்து எரிந்து அணையும், அறைக்குள்ளும் அந்த வெளிச்சம் அடிக்கும் என்றார். மாமி ஒருமுறை வந்தபோது அதைப் பார்த்தது உண்மைதானாம்.

எனக்குக் கோபம் வந்தது. மாமி மேல், இந்த மனிதர் மேல், ஏமாந்த என் மேல். கொடியில் காய்ந்த சேலைகள், பிள்ளையார், சமையலறை ஜன்னல் எல்லாம் ஒரு நொடியில் வீதிக்கு வந்துவிட்டன. அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் நீங்கள் ஏன் இந்தச் சம்பந்தத்துக்கு ஓம் என்றீர்கள் என்று கடுமையாகக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். லண்டனுக்கு வந்துவிடலாம் என்ற எண்ணம் என்றார். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிட்டது, இனி எங்கேயும் வேலை செய்யலாம். கூட்டாளிகளின் கலியாண வீடியோக்களில் லண்டன் வீடுகளைப் பார்த்திருக்கிறாராம். வீட்டுக்குள்ளேயே படி இருக்கும், கம்பளம் விரித்த படி. அதால் பெண் சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவாள். பாரிசில் அவருக்குத் தெரிந்த ஒருவருக்கும் வீட்டுக்குள் படி கிடையாது. வேலை முடிந்து படுக்கும்போது அந்தப் படியால் ஏறி மேலே போய்ப் படுக்கிறதாக நினைத்துக்கொள்வாராம்.

எங்கள் வீட்டில் அந்தப் படி இருந்தது. மண்ணிறக் கம்பளம், ஒவ்வொரு படியிலும் அம்மா அடுக்கி வைத்த பழைய பேப்பர், வெங்காயப் பை, ஒற்றைச் சப்பாத்து. ஒரு நாளும் அதை நான் நின்று பார்த்ததில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள், நடுவில் ஒரு கடலே கிடந்தது.

"அப்ப நீங்கள் லண்டனைக் கட்ட வந்திருக்கிறியள், நான் பிரான்சைக் கட்டப் பாத்தன்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தோடு முடிந்தது என்று கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து ஓவியத்துக்குக் கிட்டப் போனார். மூக்கு முட்டுமளவுக்குப் போனதால் காவலர் கையைக் காட்டினார். இரண்டடி பின்வாங்கி, மறுபடி வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மற்றப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அவசரமே இல்லை. மாலையில் அவருக்கு ரயில். சம்பந்தம் குழம்பப் போகிறது என்பதும் விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் அந்த ஆற்றங்கரையில் ஒரு வேலையும் இல்லாதவர்போல் நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அந்தப் பொம்பிளை இஞ்சால வாறாவோ, அங்கால போறாவோ?"

அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னவென்று சொல்ல. அத்தனை மாதமும் தனியாகக் குடியிருந்த வீட்டின் கதவை யாரோ தட்டியதுபோல் இருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல், போறா என்றேன்.

"இல்லை" என்றார். "வாறா போலத்தான் கிடக்கு."

வாக்குவாதம் கொஞ்ச நேரம் நடந்தது. வாசலில் நின்ற அம்மா பதறிப்போய் இரண்டடி முன்னால் வந்தார். கடைசியில், வாறாவோ போறாவோ, ஒருமுறையாவது இந்த மாதிரி இடத்தைப் பகல் வெளிச்சத்தில் எனக்குக் காட்ட வேண்டும், காட்டுவதென்றால் லண்டனுக்கு வரலாம் என்றேன். காட்டுகிறேன் என்றார். சாமி சத்தியம், அம்மா சத்தியம் எதுவும் இல்லை. ஒரு சொல்தான்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அம்மா, இவ்வளவு நேரம் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டார். ஒரு பொம்பிளையைப் பற்றி என்றேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து, எனக்குச் சம்மதம் என்பதையும் உடனே சேர்த்துச் சொன்னேன்.

கார்த்திகை பிறக்க முன் கலியாணம் நடந்தது. படியில் கிடந்த வெங்காயப் பையை எல்லாம் அப்புறப்படுத்திக் கம்பளத்தைக் கழுவினோம். வீடியோக்காரர் என்னை மூன்று தரம் மேலே ஏற்றி மூன்று தரம் கீழே இறக்கினார். கீழே நின்ற மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார் என்று எல்லாரும் கேலி செய்தார்கள். அவர் படியைப் பார்த்தது எனக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் பாரிஸ் அறையைக் காலி செய்யப் புறப்பட்டோம். அறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் போனது அந்த ஒரு சொல்லுக்காக. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வாட்டர்லூவில் ரயில் ஏறினோம். கடலுக்கடியில் போய் மறுகரையில் ஏறியபோது வெளியே கன்னங்கரேலென்றிருந்தது. ஜன்னலில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. போகட்டும், ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்றார். பாரிசில் கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரரிடம் கேட்டு வைத்திருந்தாராம். பாரிசிலிருந்து ஒரு மணி நேரம் சின்ன ரயிலில் போனால் ஆறு, மரம், மண் பாதை எல்லாம் உள்ள ஊர் ஒன்று இருக்கிறதாம். இரண்டு பேருக்கும் ரப்பர் சப்பாத்துகூட வாங்கி வைத்திருந்தார். அவர் சும்மா சொல்லவில்லை என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் புது மாப்பிள்ளை பொம்பிளைக்கு விருந்து வைக்காமல் யாழ்ப்பாணத்தார் விடுவார்களா? சனிக்கிழமை காலை மாமி வீடு. மதியம் மாமியின் மச்சாள் வீடு. இரவு அவருடைய பழைய அறைக் கூட்டாளி வீடு. எங்கே போனாலும் பதினோராம் மாடி, எங்கே போனாலும் ஆட்டிறைச்சியும் கணவாயும் நண்டும். போதும் என்று கையால் கோப்பையை மறைத்தால் கைக்கு மேலேயே சோறு விழும். ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்துக்குப் போகிறோம் என்று நான் மாமியிடம் சொன்னேன்.

"முதல் முதல் வந்த பொம்பிளை வாய் நனைக்காமப் போனா நான் பிறகு அந்தச் சனத்தின்ர முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்றார் மாமி.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் வாயை நனைத்தோம். காலையில் ஒரு வீடு இடியப்பம், மதியம் ஒரு வீடு புரியாணி, பின்னேரம் ஒரு வீடு பாயசம். கடைசி வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது பாரிசின் கூரைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இரவு அவருடைய அறைக்குத் திரும்பியபோது ரப்பர் சப்பாத்துகள் மூலையில் சோடியாக நின்றன. அவற்றின் மேல் மருந்துக்கடை வெளிச்சம் பச்சையாக விழுந்து விழுந்து போனது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் அறைச் சாமானைக் கட்டியபடி, திரும்பிப் போகிற ரயில் பகல் ரயில், பாதி பிரான்சைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போகும், ஜன்னல் பக்கத்தை உமக்குத் தருகிறேன், பார்த்துக்கொண்டே போகலாம் என்றார். முகத்தைத் திருப்பாமலே ம் என்றேன்.

திங்கட்கிழமை மதியமும் ஒரு வீடு இருந்தது. விட்டுவிட்டுப் போனால் சண்டை வரும் என்று மாமி சொன்ன வீடு. நண்டுக்கறி, முருங்கைக்காய், முட்டைப் பொரியல், மேலே இனிப்புக்கு வட்டிலப்பம். ஓட்டமும் நடையுமாக ரயிலைப் பிடித்தோம். எனக்கு ஜன்னல் பக்கம். வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது. முதலில் கிறுக்கிய சுவர்கள், பிறகு அடுக்குமாடிகள், பிறகு பெரிய பெரிய தகரக் கொட்டகைகள். இன்னும் கொஞ்சம், இனித்தான் வரும் என்றார். பெட்டிக்குள் கதகதப்பு. வெயில் கண்ணாடியால் வந்து மடியில் உட்கார்ந்தது. மூன்று நாள் விருந்து முழுவதும் என் இமைக்கு மேல் ஏறி நின்றது. ஒரு கணம் கண்ணை மூடலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த மண் பாதையில் நான் நடந்துகொண்டிருந்தேன். கால் விரல்களுக்கிடையில் புழுதி இளஞ்சூடாக ஏறியது. பாவாடை நீலம். மரங்களின் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி என் மேலால் போயின. ஆறு என் பக்கமாகவே கூட வந்தது, சத்தமில்லாமல். சிவப்புக் கூரை வீட்டுக் கொடியில் என் கலியாணச் சேலை காய்ந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசிய நேரத்தில் எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து என் மேல் நின்றது. மற்ற இடமெல்லாம் வெயில், எனக்கு மட்டும் நிழல். நான் எங்கே நடந்தாலும் அந்த மேகமும் கூடவே நடந்தது. அவ்வளவு நிம்மதியான நடை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காது அடைத்ததில் விழித்துக்கொண்டேன். எனக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அவருடைய கோட்டு. பக்கத்தில் இருந்தபடியே கையை எனக்கு மேலால் நீட்டி, அதைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு அப்பால் இருட்டு.

"எங்க நிக்கிறம்?" என்றேன்.

"கடலுக்குக் கீழ."

"பிரான்ஸ்?"

"முடிஞ்சுது."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஏன் எழுப்பவில்லை, இதற்காகத்தானே வந்தேன், இதற்காகத்தானே உங்களைக் கட்டினேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். நல்ல நித்திரை, வெயில் நேரே முகத்தில் அடித்தது, முகத்தைச் சுளித்தீர், அதனால்தான் என்றார். சரி, நான்தான் பார்க்கவில்லை, நீங்களாவது பார்த்தீர்களா, ஆறு வந்ததா, அந்த மரங்கள் இருந்தனவா, அதையாவது சொல்லுங்கோ என்றேன்.

அன்றும் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"எப்பிடிப் பாக்கிறது?" என்றார். "கோட்டைத்தான் பாத்துக்கொண்டு வந்தன்."

சுரங்கம் முடியும்வரை திட்டினேன். முன்னால் இருந்த வெள்ளைக்காரி பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். வெயிலே இல்லாத அந்த இருட்டிலும் கையை இறக்கவில்லை. இறக்கச் சொன்னேன். முடியவில்லை, தோள்மூட்டு இறுகிப்போய்விட்டது. நான்தான் பிடித்து மெல்ல மெல்ல இறக்கி, என் மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். விரல்கள் ஐசாகக் குளிர்ந்திருந்தன. எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகளை அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ரயில் வெளிச்சத்துக்கு ஏறியது. இங்கிலாந்துப் பக்கம், கெண்ட் வயல்கள். மழை பெய்து விட்டிருக்க வேண்டும், எல்லாம் ஈரமும் வெயிலுமாகக் கரைந்து ஓடின.

"இஞ்ச பாரும்" என்றார் அவர், ஜன்னல் பக்கம் தலையை அசைத்து. "உதுவும் அப்பிடித்தான் கிடக்கு. ஆறு மாதிரியும் ஒண்டு தெரியுது."

நான் பார்க்கவில்லை. அவருடைய கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.